கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்

மழை இறங்கிப் புல் தலைகாட்டினால் போதும், இதே புலம்பல்தான் வரும்: "சாயங்காலம் நல்லா மேஞ்ச குட்டி சார், விடியக்காலம் விறைச்சுக் கிடக்கு. யாரோ மருந்து வச்சுட்டாங்க."

யாரும் வைக்கவில்லை. பெரும்பாலும் அது துள்ளுமாரி, ஆடுகளுக்கு வரும் குடல் நோய்.

நோய் என்றால் ஆடு இளைக்கும், தீனி எடுக்காது, நாலு நாள் படுத்துத்தான் சாகும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். துள்ளுமாரிக் கிருமி ஆட்டின் குடலிலேயே கொஞ்சமாக இருப்பதுதான். இளம்புல்லோ தானியமோ திடீரென அளவுக்கு மீறி உள்ளே போனால், செரிக்காத மாவுச்சத்து குடலில் இறங்கும். கிருமி அதில் பெருகி நஞ்சைக் கக்கும். அதிகம் தின்பது எது? முந்தி மேயும் கிடாக்குட்டி, தாய்ப்பால் முழுவதையும் தனியாகக் குடிக்கும் ஒற்றைக் குட்டி. நோஞ்சான் தப்பிவிடும். நஞ்சு உள்ளேயே உண்டானது. பக்கத்துக் காட்டுக்காரர்மேல் பழி போடாதீர்கள். இது ஒட்டுநோயும் இல்லை. எல்லாம் ஒரே மேய்ச்சலில் நிற்பதால்தான் அடுத்தடுத்து விழுகின்றன.

துள்ளி விழுந்து, தலையைப் பின்னுக்கு வளைத்து, காலை உதைக்கும் குட்டிக்குச் சில மணி நேரம்தான். அதன்பின் ஊசி போட்டுப் பிழைப்பது அபூர்வம். மற்ற ஆடுகளை உடனே அந்த மேய்ச்சலிலிருந்து ஓட்டி, காய்ந்த கடலைக்கொடியோ சோளத்தட்டையோ போடுங்கள்.

செத்ததைச் சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுங்கள். துள்ளுமாரியில் செத்த ஆட்டின் சிறுநீரகம் குழைந்திருக்கும், அது ஒரு அடையாளம். ஆனால் நேரமானால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துவிடும், மருத்துவர்களான எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் கத்தியே வைக்கக்கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும்.

தடுப்பூசியை மழைக்கு ஒரு மாதம் முன்பே போடுங்கள். தாய்க்குப் போட்டிருந்தால் குட்டிக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, 15 நாள் கழித்து இரண்டாவது, பிறகு ஆண்டுக்கொரு முறை. முதல் ஊசியோடு நிறுத்துகிறவர்கள்தான் "ஊசி போட்டும் செத்துச்சு" என்று வருகிறார்கள். இரண்டாவது இல்லாமல் எதிர்ப்பு சக்தி நிற்காது. குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும்; ஐஸ் பெட்டியில் உறைந்ததைத் தூக்கி எறியுங்கள். சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு கிடைக்கும்.

அறுத்த நெல்வயலில் உதிர்ந்த மணி நிறையக் கிடக்கும். காலையில் பட்டியிலேயே வைக்கோல் தின்னவிட்டு, முதல் நாட்களில் கொஞ்ச நேரம் மட்டும் அங்கே ஓட்டுங்கள். பக்ரீத் கிடாவுக்கு மக்காச்சோளத்தைக் கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். தயவுசெய்து ஒரே நாளில் படிக்கணக்கில் கொட்டாதீர்கள்.