இரண்டு நரம்புகள்: கிரேக்க லைர் கற்க நினைப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. துணிப்பையிலிருந்து லைரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏழு தந்திகளில் மூன்றாவது அறுந்து சுருண்டு கிடந்தது. "இதை மட்டும் மாற்றிக் கொடுங்கள், போதும்" என்றார். பேசும்போதே இடது கட்டைவிரலை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் லைரின் தோல்வார் பதிந்த சிவப்புக் கோடு. எத்தனை நாளாக மரத்துப் போகிறது என்று கேட்டேன். "அது வயசு" என்றார். வயசாவது ஒன்றாவது, எல்லாம் அந்த வார் செய்த வேலை.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். யாழில் கட்டுவதும் நரம்பு, கையில் ஓடுவதும் நரம்பு. ஏதென்ஸில் தந்திக் கருவிகளைப் பழுதுபார்ப்பதும், மாலையில் நாலைந்து பேருக்கு லைர் சொல்லிக்கொடுப்பதும் என் பிழைப்பு. தாங்களாகவே தொடங்கிவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டு நரம்பில் ஒன்றைக் கெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். இரண்டும் முதல் மாதத்தில் நடக்கிற விபத்துகள். கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் தப்பிக்கலாம்.

முதலில், வாங்கப்போவது லைர்தானா என்று பாருங்கள். கிரேக்கத்தில் கடைக்குப் போய், லைரின் கிரேக்கப் பெயரான 'லீரா' என்று கேட்டால், பேரிக்காய் வடிவத்தில், வில்லால் இழுத்து வாசிக்கிற மூன்று தந்திக் கருவியை எடுத்துத் தரக்கூடும். அது கிரீட் தீவின் லீரா. தொடையில் நிறுத்தி, விரல்நகத்தைத் தந்தியின் பக்கவாட்டில் வைத்து வாசிப்பார்கள். அருமையான கருவி, ஆனால் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் சாப்போ கண்டதில்லை. பழைய லீராவுக்கு வில்லும் கிடையாது, விரலால் அழுத்தி சுரம் பிடிக்கிற பலகையும் கிடையாது. ஒரு கிண்ணம், அதிலிருந்து எழும் இரண்டு கைகள், கைகளை இணைக்கும் குறுக்குக் கட்டை, அங்கிருந்து இறங்கி, கிண்ணத்தை மூடிய தோலின்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டையைத் தாண்டிப் போகிற ஏழு தந்திகள். அவ்வளவுதான் கருவி.

நம்மவர்கள் வேறொரு குழப்பத்தோடு வருவார்கள். அகராதிகள் லைருக்கு யாழ் என்றே பொருள் தருகின்றன. யாழ் வேறு குடும்பம். கோடு என்ற வளைந்த தண்டிலிருந்து நரம்புகள் பத்தர் என்ற ஒலிக்கிண்ணத்துக்கு நேராக இறங்கும், ஒன்றைவிட ஒன்று குட்டையாகும், குட்டை நரம்பு உச்சத்தில் பேசும். லைரில் ஏழும் ஏறக்குறைய ஒரே நீளம். சுரத்தை மாற்றுவது தடிமனும் இழுவிசையும் மட்டுமே. வகைப்பாட்டுச் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மூன்றாவது தந்தி அறுந்ததற்கான காரணம் இதில்தான் இருக்கிறது.

கிரேக்கர்களிடமே பல வகை இருந்தன. ஹோமரின் பாணர்கள் கையில் ஃபோர்மிங்ஸ், மதுவிருந்துகளில் கை நீண்டு ஒலி தாழ்ந்த பார்பிடோஸ், போட்டி மேடைகளில் தொழில்முறைக் கலைஞர்கள் தூக்கி நின்ற பெரிய மரப்பெட்டி கிதாரா. படிக்கிற பையன் கையில் இருந்தது ஆமையோட்டு லீரா. ஹெர்மிஸ் என்ற கடவுள் பிறந்த அன்றே வாசலில் ஓர் ஆமையைக் கண்டு, அதன் ஓட்டில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, ஆட்டுக்குடலில் திரித்த ஏழு நரம்புகளைப் பூட்டினான் என்று அவனைப் பற்றிய பழைய துதிப்பாடல் சொல்கிறது. தொடங்குபவருக்கு இந்த வகைதான் சரி. ஆனால் நிஜ ஆமையோடு வேண்டாம். நில ஆமைகள் அத்தனையும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களுக்குள் வருகின்றன. உரிய அனுமதித் தாள் இல்லாமல் ஓட்டோடு எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோவதோடு வழக்கும் வரலாம். 'பழைய ஓடு, பாட்டன் காலத்தது' என்று விற்பவர் சொல்வதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மரத்தில் குடைந்த கிண்ணம் நன்றாகவே ஒலிக்கும். சுற்றுலாக் கடைகளில் தொங்கும் பளபளப்பான குட்டி லைர்கள் சுவரில் மாட்டத்தான் ஆகும். அதைச் சுருதி சேர்க்கப் போனால் குறுக்குக் கட்டை கையோடு வரும்.

சரி, தந்தி ஏன் அறுகிறது? சுருதி காட்டும் கைப்பேசிச் செயலியால். செயலி சுரத்தின் எழுத்தைப் பெரிதாகக் காட்டும், எந்த ஸ்தாயி என்பதை ஓரத்தில் சின்னதாகக் காட்டும், சிலவற்றில் அதுவும் இல்லை. புதுத் தந்தி தளர்ந்திருக்கும். திருகிக்கொண்டே போகும்போது சரியான எழுத்து வந்துவிடும். ஆனால் ஒலி தொய்வாக இருக்கிறதே என்று சந்தேகம் வரும். மறுபடி திருகுவோம். எழுத்துகள் ஒரு சுற்று போய்த் திரும்பவும் அதே எழுத்து வரும்வரை திருகுவோம், வருவதற்கு முன்பே பட்டென்று போகும். ஒரே தந்தியை ஒரு ஸ்தாயி ஏற்ற இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். ச-விலிருந்து ம-வுக்கு ஏற்றினால்கூட ஏறக்குறைய 1.8 மடங்கு. தந்தி போனால் அது நல்ல காலம், லைரின் கைகளோ குதிரையோ போனால்தான் செலவு. இணையத்தில் 'லைர் ஹார்ப்' என்று வருகிற பதினாறு தந்தி, பத்தொன்பது தந்திக் கருவிகளில் பெரும்பாலும் எஃகுக் கம்பி. அது அறும்போது சாட்டை மாதிரி வீசும். முகத்தைக் கருவிக்கு மேல் நீட்டிக்கொண்டு திருகாதீர்கள்.

இன்னொன்று. நைலான் தந்தி புதிதாகப் போட்டால் முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். குடல் நரம்பு என்றால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும். இரண்டையும் கருவியின் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மரபுப்படி செய்த லைரில் திருகாணியே இருக்காது. குறுக்குக் கட்டையில் கொல்லோப்ஸ் என்ற தோல்சுற்று இருக்கும், தந்தி அதோடு சேர்ந்து சுற்றியிருக்கும். அந்தச் சுற்றைப் பிடித்து உருட்டித்தான் சுருதி சேர்க்க வேண்டும். ஒடிசியஸ் தன் பழைய வில்லுக்கு நாணேற்றும் இடத்தில், கை தேர்ந்த பாணன் புதுக் கொல்லோப்ஸில் நரம்பைச் சிரமமில்லாமல் இழுத்துக் கட்டுவதுபோல ஏற்றினான் என்று ஹோமரின் ஒடிசி காவியத்தின் 21ஆம் காண்டத்தில் ஓர் உவமை வருகிறது. அந்த 'சிரமமில்லாமல்' எனக்கு வர ஒரு வருடம் ஆயிற்று.

காதால் சுருதி சேர்க்கக் கற்றால் செயலித் தொல்லையே இல்லை. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழக்கமான வேலை. நான் தொடக்கத்தில் கொடுக்கும் சுருதி, பழைய கிரேக்கர்கள் டோரியன் என்று சொன்ன வரிசை. நம் கணக்கில் எழுதினால் ச, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஆமாம், அனுமத்தோடி ராகம்தான். ஆனால் தோடியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். லைரில் சுரத்தை அசைக்கும் கமகமே கிடையாது. காந்தாரம் அசையாமல் நிற்கும் தோடி எப்படி இருக்கும்? எலும்புக்கூடு மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அதற்கென்று தனி அழகு தெரிய ஆரம்பிக்கும்.

ம-வில் தொடங்குங்கள். அதுதான் நடுத்தந்தி, மேசே. மற்றத் தந்தி ஒன்று கலைந்தால் அது மட்டும் கேடாக ஒலிக்கும், மேசே கலைந்தால் எல்லாமே கலைந்ததுபோல் ஒலிக்கும் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கேள்வித் தொகுப்பு ஒன்றிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ம-விலிருந்து கீழே ச. ம-விலிருந்து மேலே நி. நி-யிலிருந்து இறங்கி க. க-விலிருந்து ஏறித் த. த-விலிருந்து இறங்கி ரி. கடைசியில் ச-விலிருந்து ப. ஒவ்வொரு தாவலும் ச–ம உறவாகவோ ச–ப உறவாகவோதான் இருக்கும். ஏழும் முடிந்துவிட்டது.

இனி வாசிப்பு. கிட்டார் பழகியவர்கள் லைரைப் பார்த்ததும் ஒவ்வொரு தந்தியாகக் கிள்ளி ஒரு பாட்டைத் தேடுவார்கள். இரண்டு வாரத்தில் அலுத்துவிடும், ஏழு சுரத்துக்கு மேல் ஒன்றும் இல்லையே என்று மூலையில் வைத்துவிடுவார்கள். பழைய ஜாடி ஓவியங்களைப் பாருங்கள். வலது கையில் பிளெக்ட்ரோன் என்ற மீட்டுகோல், கயிற்றால் கருவியோடு கட்டியிருக்கும். கை தந்திகளைக் கடந்து வெளியே நீண்டிருக்கும். இடது கை தந்திகளுக்குப் பின்னால், விரல்கள் விரிந்து. வலது கை எல்லாத் தந்தியையும் ஒரே வீச்சில் மீட்ட, வேண்டாதவற்றை இடது விரல்கள் தொட்டு அடக்கியிருக்கின்றன என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் அதைப் படிக்கிறார்கள். எத்தியோப்பியாவில் க்ரார் வாசிப்பவர்கள் இன்றும் அப்படி வாசிப்பதை நீங்களே பார்க்கலாம். க்ரார் லைரின் நெருங்கிய உறவு.

முதல் பாடமாக நான் கொடுப்பது இதுதான். இடது சுட்டுவிரல் நுனி க-வின் மேல், நடுவிரல் நுனி ரி-யின் மேல். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். வலது கையால் முதல் நான்கு தந்திகளை ஒரே வீச்சாக மீட்டுங்கள். ச-வும் ம-வும் மட்டும் கேட்க வேண்டும், நடுவில் 'டக்' என்று சின்னச் சத்தம் வரும், அது இருக்கட்டும். அடுத்த வீச்சில் சுட்டுவிரலை மட்டும் எடுங்கள். ச க ம. மறுபடி வையுங்கள். இதையே கால் மணி நேரம். மூன்றாவது தந்திக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரே லிகானோஸ், சுட்டுவிரல் என்று பொருள். முதல் தந்தி ஹிபாடே, 'உச்சியில் இருப்பது'. ஒலியில் அதுதான் ஆகத் தாழ்ந்தது. பெயர் வைத்தவர்கள் ஒலியைப் பார்க்கவில்லை, தந்தி கருவியில் இருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். வாசிக்கிறவன் வைத்த பெயர்கள் இவை.

இடது கைக்கு இவ்வளவு வேலை இருப்பதால்தான் வார் முக்கியம். லைரின் வெளிப்பக்கக் கையில் கட்டிய தோல்வார் உங்கள் இடது மணிக்கட்டைச் சுற்றி வரும். உட்கார்ந்து வாசிக்கும்போது கருவியின் எடை தொடையில் இருக்க வேண்டும், வார் கருவி முன்னால் சாயாமல் பிடித்தால் போதும். புதியவர்கள் பலரும் எடை முழுவதையும் வாரில் தொங்கவிட்டு, நழுவுகிறதே என்று இன்னொரு துளை இறுக்குவார்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஒரு தொடு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இறுக்கமான கடிகாரப் பட்டைகூட அதை நெருக்கும். கட்டைவிரலின் பின்புறம் மதமதப்பு, ஊசி குத்துவதுபோல் இருப்பது, சட்டைக்கை உரசினால் எரிச்சல் எல்லாம் அங்கிருந்து வருபவை. எனக்கே முதல் வருடம் வந்தது. கச்சேரி ஒன்றுக்காக மெல்லிய கயிறு கட்டிக்கொண்டு தினம் மூன்று மணி நேரம் நின்று பழகினேன். இரண்டு வாரம் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் கட்டைவிரல் யாரோடதோ மாதிரி இருந்தது.

வார் இரண்டு விரல் அகலம் இருக்கட்டும், மெத்தென்ற தோலாக இருக்கட்டும். கட்டிய பிறகு வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவிட்டுக் கையை உதறுங்கள். வாரைத் தளர்த்திச் சில நாளாகியும் மரப்பு குறையவில்லை என்றாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நான் மரத்துக்கும் தோலுக்கும்தான் வைத்தியன்.

அடுத்ததாக எல்லோரும் கேட்பது செய்கிலோஸ் கல்லறைப் பாட்டு. இசைக்குறிப்போடு முழுதாகக் கிடைத்த பாட்டுகளில் அதுதான் ஆகப் பழையது. இன்றைய துருக்கியின் ஐடின் அருகே 1883இல் வெளியே தெரியவந்த, பாட்டு செதுக்கிய அந்தக் கல் இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாட்டு ஒரு ஸ்தாயி முழுக்க நடக்கிறது, எட்டு சுரம் வேண்டும். ஏழு தந்திக்காரர்கள் ஒன்றை விட்டுவிட்டுத்தான் வாசிக்க முடியும், தோடிச் சுருதியையும் மாற்ற வேண்டும். மூன்றாவது மாதத்துக்கு முன்னால் நான் அதைத் தொடவிடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பாடம் சொன்ன லினோஸைப் புராண வீரன் ஹெராக்ளிஸ் லைராலேயே அடித்துக் கொன்றதாகக் கதை இருக்கும் ஊரில், இது பரவாயில்லை.

பெர்லினில் ஒரு கோப்பை இருக்கிறது, டூரிஸ் வரைந்தது, கி.மு. 480 வாக்கில். பள்ளிக்கூடக் காட்சி. ஆசிரியரும் பையனும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், இருவர் மடியிலும் லைர். நானும் மாணவர்களை அப்படித்தான் உட்கார வைக்கிறேன். என் இடது கை தந்திகளுக்குப் பின்னால் என்ன செய்கிறது என்பது எதிரில் இருந்தால்தான் தெரியும், காணொளியில் மறைந்துவிடும்.

அந்த ஆசிரியை அம்மா நேற்று வந்தார். சிவப்புக் கோடு மங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்து சுருதி சேர்த்தோம். ம, ச, நி என்று வரிசையாகக் கேட்டுக் கேட்டு நன்றாகவே சேர்த்தார். மூன்றாவது தந்தி வந்ததும் கையை எடுத்துவிட்டார். "இதை மட்டும் நீங்கள் திருகுங்கள்" என்று சொல்லி, நாற்காலியையும் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.