ரெப்ளிகன்ட்: தமிழில் ‘படியாள்’

1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தை அண்மையில் மறுபடி பார்த்தேன். பூமிக்குத் தப்பி வந்த செயற்கை மனிதர்களைத் தேடிக் கொல்லும் டெக்கார்டின் கதை. மழையும் இருட்டுமாய் லாஸ் ஏஞ்சலிஸ். அறிவியல் புனைவுதான், ஆனால் நடையெல்லாம் துப்பறியும் படத்தினுடையது. அந்த மனிதர்களுக்குப் படம் வைத்த பெயர் ரெப்ளிகன்ட்.

பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய மூல நாவலில் இச்சொல் கிடையாது. அங்கே அவர்கள் ஆண்ட்ராய்டுகள். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு அந்தப் பழகிய சொல் வேண்டாம். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் பீப்பிள்ஸ், உயிரியல் படித்த தம் மகளிடம் கேட்டார். செல் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குவதைக் குறிக்கும் ‘ரெப்ளிகேட்’ அவரிடமிருந்துதான் கிடைத்தது. அதன் லத்தீன் வேர் ‘ரெப்ளிகாரே’, அதாவது திரும்ப மடித்தல். நாமும் இருமடங்கு, மும்மடங்கு என்று மடிப்பை வைத்துத்தானே பெருக்கத்தைச் சொல்கிறோம்!

சரி, தமிழில்? ‘நகல் மனிதன்’ என்றால் பாதிப் பொருள்தான் வருகிறது. எதற்காக அவர்களைச் செய்தார்கள் என்பது அதில் இல்லை. வேற்றுக் கோள்களில் அடிமை வேலைக்காகச் செய்யப்பட்டவர்கள் அவர்கள். ஆயுள் நான்கே ஆண்டு. அவர்களைக் கொல்வதற்குக்கூட ‘ஓய்வு கொடுத்தல்’ என்றுதான் பெயர்.

என் மனத்தில் நிற்கும் சொல் ‘படியாள்’. கையெழுத்துப்படி, படியெடுத்தல் என்பவற்றில் வரும் ‘படி’ ஒன்றைப் போன்ற இன்னொன்று. அப்புறம், படியாள் என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: கூலியாகத் தானியத்தைப் படியால் அளந்து வாங்கிக்கொண்டு பண்ணைக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர். இரண்டு படியும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ரோபோ என்ற சொல்லும் இப்படிப் பிறந்ததுதான். காரல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் வந்த அச்சொல்லுக்கு வேர், கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’ என்ற செக் சொல்.

இழிவு சுமந்த சொல் வேண்டாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தச் சுமை இருக்கட்டும் என்பேன். கூரை விளிம்பில் தொங்கும் டெக்கார்டிடம், அச்சத்தோடு வாழ்வதுதான் அடிமை வாழ்வு என்கிறான் தப்பி வந்த ரெப்ளிகன்ட்களின் தலைவன் ராய். அந்த வலியை ‘நகல்’ தாங்காது.

பன்மையில் படியாட்கள். ஆள் என்பது இருபாலுக்கும் பொது, எனவே படத்தில் வரும் பெண் ரெப்ளிகன்ட் ரேச்சலும் படியாள்தான்.