மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்: சொல்லும் பொருளும்

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிப்பது பற்றிப் படித்தால் ‘மேம்பட்ட ஆக்சிஜனேற்றம்’ என்ற தொடர் கண்ணில் படாமல் போகாது. மிக வீரியமான துகள்களைத் தண்ணீருக்குள்ளேயே பிறப்பித்துச் சாயத்தைச் சிதைக்கும் முறைகளுக்கு இந்தப் பெயர். ‘அட்வான்ஸ்டு ஆக்சிடேஷன்’ என்பதன் தமிழாக்கம்.

கிரேக்கத்தில் ‘ஆக்சிஸ்’ என்றால் கூர்மை, புளிப்பு. ‘ஜென்’ என்றால் பிறப்பிப்பது. எல்லா அமிலங்களுக்கும் இந்த வளியே மூலம் என்று நம்பி லவாய்சியர் வைத்த பெயர் ஆக்சிஜன். நம்பிக்கை பொய்த்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் பிராணவாயு, உயிர்வளி என்றும் சொல்கிறோம். இலங்கையில் ஒட்சிசன், ஆகவே அங்கே ஒட்சியேற்றம்.

‘ஏற்றம்’ என்ற பாதிதான் குழப்புகிறது. ஆக்சிஜன் ஏறுவது பழைய பொருள். இன்றைக்கு எலக்ட்ரானை இழப்பதே ஆக்சிஜனேற்றம். சோடியம் குளோரினோடு சேரும்போது ஆக்சிஜனுக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இழப்பதற்கு ‘ஏற்றம்’, பெறுவதற்கு ‘ஒடுக்கம்’! சரி, பாடநூலில் ஊன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

‘மேம்பட்ட’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புதிய நுட்பம் என்று தோன்ற வைக்கிறது. இரும்பு உப்போடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்க்கும் ஃபென்டன் வினையும் இந்த வகைதான். அது 1894இல் வெளியானது. இங்கே சிறப்பு வீரியத்தில் இருக்கிறது. பிறவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமையைக் காட்டும் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஓசோனுக்குச் சுமார் 2.07 வோல்ட்; இம்முறைகளில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புக்கு (இணை சேராத எலக்ட்ரான் கொண்ட துகள், ‘ராடிகல்’) சுமார் 2.8. கண்ணிமைக்கும் நேரம்கூட வாழாது, எதிர்ப்பட்ட சாய மூலக்கூறைத் தாக்கிவிட்டு மறையும். ‘வீரிய ஆக்சிஜனேற்றம்’ என்றால் பொருந்தும் என்பது என் கருத்து.

இரண்டு முறைகளைச் சேர்த்தால் கிடைப்பது ‘சினர்ஜி’, கிரேக்கத்தில் சேர்ந்து உழைப்பது. தமிழில் கூட்டாற்றல். ஃபென்டனில் பெராக்சைடிலிருந்து தனி உறுப்பைப் பிறப்பிக்கும் இரும்பு(2), ஓர் எலக்ட்ரானை இழந்து வேகமாக இரும்பு(3) ஆகிவிடும், திரும்பி வருவதுதான் மந்தம். புறஊதா ஒளி பட்டால் திரும்புவதும் விரைவாகும், கூடவே இன்னொரு தனி உறுப்பும் பிறக்கும். அதற்காகப் பெராக்சைடை அள்ளி ஊற்றினாலும் கெடுதல்: மிஞ்சியது தனி உறுப்புகளையே தின்றுவிடும்.

அப்புறம் ‘நிறநீக்கம்’, ‘கனிமமாக்கம்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அசோ சாயத்தில் இரு நைட்ரஜன்களின் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். தண்ணீர் தெளிந்தும் நச்சுத் துண்டுகள் தங்கலாம். கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாறினால்தான் கனிமமாக்கம்.