ஆவண ஒளிப்படம்

'டாக்குமென்டரி போட்டோகிராபி' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் இது. நடந்ததை நடந்தபடியே, சான்றாக நிற்கும் வகையில் எடுத்த படம் என்று பொருள்.

இலத்தீனில் 'டொக்கேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து பிறந்த 'டொக்குமென்டும்' என்ற சொல் முதலில் பாடத்தையும், பின்னர் சான்றையும் குறித்தது. 1926இல், பின்னாளில் ஆவணப்பட இயக்குநரான ஜான் கிரியர்சன் ஒரு திரைப்பட விமர்சனத்தில் 'டாக்குமென்டரி' என்று எழுதினார். அதன்பின் அச்சொல் திரைத்துறையிலும், 1930களில் ஒளிப்படத்துறையிலும் வேரூன்றியது.

சொல் பரவுமுன்பே அந்த வேலையைச் செய்தவர் அமெரிக்காவின் லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1908 முதல், குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளையும் சுரங்கங்களையும் படமெடுத்தார். கேமராவோடு வருபவரை எந்த முதலாளி உள்ளே விடுவார்? பைபிள் விற்பவர், அஞ்சலட்டை விற்பவர் என்று சொல்லி நுழைந்தார். தன் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துக் குழந்தைகளின் உயரத்தைக் கணித்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டு மறைவாகக் குறிப்பெடுத்தார்.

வட கரோலினாவில் ஒரு நூற்பாலைச் சிறுமியின் படத்தோடு அவர் எழுதிய குறிப்பு: உயரம் 51 அங்குலம், ஆலைக்கு வந்து ஓராண்டு, சில நாள் இரவிலும் வேலை, கூலி நாளுக்கு 48 சென்ட். வயது கேட்டபோது தயங்கி, 'நினைவில்லை' என்றாளாம். பிறகு இரகசியமாக, 'வேலை செய்யும் வயது எனக்கு இல்லை. ஆனாலும் செய்கிறேன்' என்றாளாம். ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததை இத்தகைய படங்களும் சில வரிக் குறிப்புகளும் மறுக்க முடியாததாக்கின. 1916இல் வந்த குழந்தைத் தொழில் தடுப்புச் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நிலைத்த சட்டம் வர 1938 ஆயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். சங்கப் பாடல்களில் 'ஆவணம்' பெரும்பாலும் கடைத்தெரு. உரிமைச் சீட்டு என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரர் தன் அடிமை என்று வழக்காடும் முதியவரிடம், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். வழக்காறு, எழுத்து, கண்டவர் சாட்சி என்பவை அவை. நேர்மையான படம் இவற்றில் இரண்டாக ஒருசேர நிற்கிறது. கண்ட சாட்சியும் அதுவே, ஆவணமும் அதுவே. இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது.

'போட்டோ' கிரேக்க மொழியில் ஒளியைக் குறிப்பதால் 'ஒளிப்படம்' சரியான ஆக்கம். 'புகைப்படம்' மக்கள் வழக்கில் ஊன்றிய சொல். அன்றாட எழுத்தில் அதை விலக்கத் தேவையில்லை. கலைச்சொல்லாக எழுதும்போது ஆவண ஒளிப்படம், எடுப்பவரை ஆவண ஒளிப்படக் கலைஞர் என்க.

நடக்காததை நடந்ததுபோல் அமைத்து எடுத்த படத்துக்கு இச்சொல்லைத் தரக்கூடாது. அதைப் 'புனைவு ஒளிப்படம்' என்றே குறிக்க வேண்டும்.