புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் கொஞ்சம் பாருங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. டெவலப்பரின் விண்டோஸ் மெஷினில் பில்ட் (சோர்ஸிலிருந்து புரோகிராமைத் தயாரிக்கும் வேலை) பச்சை, அதையே தானாகச் செய்து பார்க்கும் லினக்ஸ் சிஐ சர்வரில் சிவப்பு. "சர்வரில் ஏதோ கோளாறு, பாருங்கள்" என்று டிக்கெட் என் தலையில். சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. புரோகிராம் கோடு (code) லோகோ படத்தைச் சின்ன எழுத்து பிஎன்ஜி (.png) என்று கேட்கிறது, ஃபைல்களை வைத்திருக்கும் கிட் ரெப்போவில் கிடப்பது பெரிய எழுத்து பிஎன்ஜி (.PNG). விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். அவ்வளவுதான்.

இதோடு நின்றால் பரவாயில்லை, ஃபைல் கிடைக்கவில்லை என்று பில்ட்டே கத்திவிடும். எனக்கு எரிச்சல் வருவது "எக்ஸ்டென்ஷன் (ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருவது) பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, பார்வைக்குத்தானே" என்ற பேச்சைக் கேட்டால். சீனியர்களே சொல்கிறார்கள். பார்வைக்கு இல்லை ஐயா. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஃபைலை என்ன செய்வது என்று டூல் முடிவு செய்கிறது.

ஜிசிசி கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன சி (.c) என்றால் சி மொழி. பெரிய சி (.C) என்றால் சி பிளஸ் பிளஸ். பக் இல்லை, மேனுவலிலேயே இருக்கிறது. டாஸ் காலத்து ஜிப்பிலிருந்து பிரித்த சி மொழி சோர்ஸ், பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். லினக்ஸில் கம்பைல் செய்தால், ஜிசிசி அதை சி பிளஸ் பிளஸ் என்று எடுத்துக்கொண்டு, மெமரி கேட்கும் மாலாக் தரும் வாய்ட் பாயின்டரை இன்ட் பாயின்டராக மாற்ற முடியாது என்று எரர். வேரியபிளுக்கு 'நியூ' என்று பெயர் வைத்திருந்தால் அதற்கும் எரர், சி பிளஸ் பிளஸில் அது மொழியின் சொந்தச் சொல். நம்ம ஆள் உடனே வரிக்கு வரி காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு, பெயரையும் மாற்றுகிறார். கம்பைல் ஆகிறது. அப்புறம் துண்டுகளை இணைக்கும் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்கிறது, ஏனென்றால் சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷன் பெயர்களை உருமாற்றி வைக்கும். அதற்கு, பெயரை உருமாற்றாதே என்று சொல்லும் எக்ஸ்டர்ன் சி. ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தால் போதும்!

அசெம்ப்ளி இன்னும் மோசம். பெரிய எஸ் (.S) என்றால் ப்ரீபிராசசர் (ஹாஷ் வரிகளைப் பார்த்து எந்தப் பகுதி வேண்டும் என்று முதலில் வடிகட்டுவது) ஓடும், சின்ன எஸ் (.s) என்றால் ஓடாது. எக்ஸ்86 லினக்ஸில் குனு அசெம்ப்ளருக்கு ஹாஷ் குறி கமென்ட். ஆகவே ஹாஷ் இஃப்டெஃப், ஹாஷ் எல்ஸ் எல்லாம் கமென்டாகி, இரண்டு பக்கத்துக் கோடும் சேர்ந்தே அசெம்பிள் ஆகும். லேபிள் எதுவும் இடிக்காவிட்டால் வார்னிங்கூட வராது. ஃபோர்ட்ரான் மொழிக் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானிலும் எஃப்90-இன் எஃப் பெரியதாக இருந்தால்தான் ப்ரீபிராசசர் தானாக ஓடும்.

"எல்லா ஃபைலையும் சின்ன எழுத்தாக்க ஸ்கிரிப்ட் போட்டுவிட்டேன் அண்ணா" என்று வராதீர்கள், தயவுசெய்து. படம், ஃபான்ட் எல்லாம் சின்ன எழுத்தாகவே இருக்கட்டும். சோர்ஸ் ஃபைலுக்குக் கம்பைலர் சொல்வதுதான் சட்டம். பெயரை மாற்ற முடியாத பழைய ஃபைல் என்றால், ஜிசிசிக்கு ஹைஃபன் எக்ஸ் (-x) கொடுத்து மொழியைச் சொல்லிவிடுங்கள்.

வெப் ஃபைல்களைக் கட்டித் தரும் வெப்பேக்கில் படத்துக்கான ரூலை ஒருமுறை பாருங்கள். பெயரைப் பொருத்திப் பார்க்கும் ரெகெக்ஸின் முடிவில் ஐ (i, எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்ற குறி) இல்லையென்றால், கேமராவிலிருந்து வரும் பெரிய எழுத்து ஜேபிஜி விண்டோஸிலேயே அந்த ரூலில் சிக்காது. அதற்கும் லினக்ஸைத் திட்டாதீர்கள்.

பெயர் மாற்றுவது கிட் எம்வி (git mv) கமாண்ட் வழியாக மட்டும். எக்ஸ்ப்ளோரரில் ரீநேம் செய்தால் கிட் கண்டுகொள்ளாது, நீங்கள் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். அதற்காக, எழுத்து வித்தியாசத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் இக்னோர்கேஸ் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கும் வித்தை வேண்டாம், கிட் ஆவணமே எச்சரிக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் மொழியும் 5.0-இலிருந்து இறக்குமதி (import) செய்யும் ஃபைல் பெயர்களின் பெரிய, சின்ன எழுத்து வேறுபாட்டைத் தானாகவே சரிபார்க்கிறது. சிவப்புக் கோடு வருகிறதே என்று அதை அணைத்து வைக்காதீர்கள்.

டிக்கெட் போடும் முன் ஒரே ஒரு வேலை. எரரில் வந்த ஃபைல் பெயரை அப்படியே காப்பி செய்து, கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் (git ls-files) தரும் பட்டியலில் தேடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் தேடாதீர்கள், அது எப்படியும் "இருக்கிறது" என்றுதான் சொல்லும்.