மோஷன் சீட் வீட்டில் செய்கிறீர்களா? முதலில் நிறுத்தும் வழியைச் செய்யுங்கள்

"சார், சீட் நடுங்குது. பிஐடி வேல்யூ என்ன போடட்டும்?"

ரேசிங் சிமுலேட்டருக்கு வீட்டிலேயே ஆடும் சீட் செய்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பிஐடி என்பது மோட்டார் சொன்ன இடத்தில் போய் நிற்கும்படி திருத்திக்கொண்டே இருக்கும் கணக்கு. நான் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் போடுகிறவன். கோவையில் கார் ரேஸ் மோகம் புதிதில்லை, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர். டிராக்கில் இறங்க வசதியில்லாத பையன்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கி முடித்த பிறகு சீட்டும் ஆடினால் நன்றாயிருக்குமே என்று தோன்றிவிடும். கடையில் வாங்கினால் லட்சத்தில் விலை சொல்வார்கள் என்பதால் பழைய வைப்பர் மோட்டாரையும் ஆர்டுயினோ என்ற சிறிய கன்ட்ரோல் போர்டையும் வைத்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். தொடங்குவதை நான் தடுக்கமாட்டேன், நல்ல படிப்பு அது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. "அவசரத்துக்கு எப்படி நிறுத்துவீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். "யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கிடுவேன்" என்பார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அமைப்பு எளிமையானது. சீட்டுக்கு அடியில் எல்லாப் பக்கமும் சாயவிடும் ஒரு யூனிவர்சல் ஜாயிண்ட், முதுகுப் பக்கம் இரண்டு மோட்டார். மோட்டார் ஷாஃப்டில் உள்ள கிராங்க் என்ற கை, ஒரு ராட் வழியாகச் சீட்டைத் தள்ளும். இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் சீட் முன்னோ பின்னோ சாயும், எதிரெதிராகத் தள்ளினால் இடமோ வலமோ சாயும். விளையாட்டு தரும் தகவலைக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் ஆர்டுயினோவுக்கு அனுப்புகிறது. ஆர்டுயினோவில் பெரும்பாலும் எஸ்எம்சி3 என்ற இலவச நிரல்தான் இருக்கும். மோட்டார் இப்போது எங்கே நிற்கிறது என்பதை பொட்டன்ஷியோமீட்டர் என்ற திருகு சென்சார் 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகச் சொல்கிறது. 512 நடு.

ஆசை அதிகமாகி சீட் நிறையச் சாய வேண்டும் என்று நீளமான கிராங்க் போடுகிறார்கள். 10 டிகிரி சாய்த்தாலும் முதுகில் தெரியும் விசை புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். சாதாரண காரில் அழுத்திப் பிரேக் போட்டாலே அதைவிடப் பல மடங்கு வரும். ஆகவே உண்மையான விசையை எட்டுவது நடக்காத காரியம். சிறிய அசைவு சட்டென்று வந்தால் போதும், மீதியை மூளையே சேர்த்துக்கொள்ளும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள மோட்டாரில் 5 செ.மீ. கிராங்க் போட்டால் சுமார் 20 கிலோ தள்ளும். 10 செ.மீ. போட்டால் 10 கிலோதான்.

20 கிலோ விசை 75 கிலோ ஆளை எப்படி ஆட்டும்? எடையை ஜாயிண்ட் தாங்குவதால்தான். மோட்டாரை இணைக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கமாகத் தொப்பென்று விழுந்தால் ஜாயிண்டுக்கு மேல் சீட்டை நகர்த்திச் சரி செய்யுங்கள். முழுக்கச் சமமாகவும் வேண்டாம், எடை சற்றே பின்பக்கம் இருக்கட்டும். காரணம் பிறகு வரும்.

இனி மின்சாரம். கார் வைப்பர் மோட்டார் பலவற்றில் நெகட்டிவ் உள்ளேயே உடம்போடு சேர்ந்திருக்கும். காரில் அது ஒரே திசையில் சுற்றுவதால் பிரச்சினை இல்லை. நாம் திசை மாற்றி ஓட்டும்போது அந்த உடம்புக்கே பாசிட்டிவ் வந்துவிடும். இரண்டு மோட்டாரையும் ஒரே இரும்புச் சட்டத்தில் நேரடியாக போல்ட் போட்டிருந்தால் ஷார்ட். டிரைவர் போர்டு (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துத் திசை மாற்றுவது) புகைந்தது என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, மோட்டார் உடம்புக்கும் ஒயர்களுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் உடம்பைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும், இல்லை வேறு மோட்டார் தேட வேண்டும்.

பழைய சர்வர் பவர் சப்ளைகள் மலிவாகக் கிடைக்கின்றன. 12 வோல்ட் சப்ளை இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு, ஷார்ட் ஆகாமலிருக்க ஒன்றின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். செய்யவே கூடாது. உள்ளே ஏதாவது கசிந்தால் அந்தப் பெட்டியின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும், நீங்கள் இரும்புச் சட்டத்தில் வியர்வையோடு உட்கார்ந்திருப்பீர்கள். 24 வோல்ட் வேண்டுமென்றால் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றே வாங்குங்கள். கையோடு வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகாது. மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருக்கட்டும்.

எல்லோரும் வாங்கும் ஐபிடி-2 டிரைவர் போர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 43 ஆம்பியர் என்று விற்கிறார்கள். அந்தச் சின்ன ஹீட் சிங்க்கை வைத்துக்கொண்டு அதில் பாதியைக்கூடத் தொடர்ந்து எதிர்பார்க்காதீர்கள். அதிலுள்ள பிடிஎஸ்7960 சிப் 27.5 வோல்ட் வரைதான் வேலை செய்யும். சுற்றும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால் அதிலிருந்து மின்சாரம் சப்ளைக்கே திரும்பி வரும், 24 அப்போது எளிதாக 28ஐத் தாண்டும். சப்ளையைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும், போர்டுக்குப் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் போடுவதும் உதவும். மோட்டாருக்கு ஒன்றாக கார் பியூஸும் போட்டுவிடுங்கள்.

இந்தச் சிப் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அதாவது மோட்டார் நிற்காது, முழு வேகத்தில் ஒரே பக்கம் ஓடும். யுஎஸ்பியைப் பிடுங்கினாலும், விளையாட்டை மூடினாலும், ஆர்டுயினோவையே கழற்றி எறிந்தாலும் அதற்குத் தெரியாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுவது ஒன்றுதான் வழி.

நம் ஊர் பம்ப்செட் ஸ்டார்ட்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பச்சை அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாது, மறுபடி பச்சையை அமுக்க வேண்டும். அதே சங்கதிதான் இங்கேயும் வேண்டும். சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவே, டிசி மின்சாரத்தைத் துண்டிக்கத் தகுதியுள்ள ஒரு கான்டாக்டர், அதாவது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்ச். அதன் காயில் (மின்காந்தச் சுருள்) 24 வோல்ட்டாக இருக்கட்டும், அதற்கு மின்சாரம் தனிச் சிறிய சப்ளையிலிருந்து வரட்டும், சீட்டுக்கு அடியில் 230 வோல்ட் ஒயர் ஓட வேண்டாம். காயிலுக்குப் போகும் ஒயரில் காளான் தலை போன்ற ஒரு சிவப்பு மஷ்ரூம் பட்டன், சீட்டின் ஒவ்வொரு எல்லையிலும் அது தொட்டால் திறந்துகொள்ளும் ஒரு லிமிட் சுவிட்ச், எல்லாம் தொடராக. எல்லாமே சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகை. ஒயர் அறுந்தாலும் சீட் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. லிமிட்டில் போய் மாட்டினால் கிராங்க் ராடைக் கழற்றித்தான் மீட்க முடியும். பரவாயில்லை, மாட்டியதற்குக் காரணத்தைத் தேட அது ஒரு வாய்ப்பு. பட்டன் உட்கார்ந்தவர் கைக்கு எட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொன்று இருந்தால் இன்னும் நல்லது.

முதல் ஓட்டத்தை ராடுகளைக் கழற்றிவிட்டு, வெறும் கிராங்கோடு பாருங்கள். பவர் கொடுத்ததும் மோட்டார் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் போலாரிட்டி தலைகீழ். மோட்டாரின் இரண்டு ஒயரை மாற்றுங்கள், அல்லது பொட்டன்ஷியோமீட்டரின் ஓர ஒயர்களை மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் பழையபடிதான். மாற்றும் முன்பு பவரை அணைப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் சொல்லிவைக்கிறேன்.

சரி, நடுக்கம். பவரை அணைத்துவிட்டுச் சீட்டைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கிராங்க் அசையாமல் சீட் மட்டும் அசைந்தால் ராட் முனை மூட்டிலோ போல்ட்டிலோ லூஸ். ஷாஃப்டில் கிராங்கை வெறும் கிரப் ஸ்க்ரூவால் இறுக்கியிருந்தால் அது கட்டாயம் தளரும், ஷாஃப்டிலும் கிராங்கிலும் பள்ளம் வெட்டிக் கீ (ஆப்பு) பொருத்துங்கள். எந்த லேத் பட்டறையிலும் செய்துகொடுப்பார்கள். வைப்பர் மோட்டாரின் வோர்ம் கியரில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. சீட் துல்லியமாகச் சமநிலையில் நின்றால் அந்த ஆட்டத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் தட்டிக்கொண்டிருக்கும். எடையைச் சற்றுப் பின்னால் வைக்கச் சொன்னது இதற்காகத்தான், பல் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தியிருக்கும்.

அடுத்து சென்சார். எஸ்எம்சி3யோடு வரும் மென்பொருளில் வரைபடத்தைப் பார்த்தபடி மெதுவாக ஓட்டுங்கள். குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் கோடு துள்ளினால் பொட்டன்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் நடுவில்தான் தேயும், சீட் அதிக நேரம் அங்கேதானே நிற்கிறது? காந்தத்தை வைத்துத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சாருக்கு மாறிவிடலாம். மோட்டார் ஓடும்போது மட்டும் எங்கும் துள்ளினால் அது மின் இரைச்சல். சென்சார் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள், பிரித்துவிடுங்கள். ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். மோட்டார் திரும்பும்போதெல்லாம் யுஎஸ்பி துண்டிக்கப்படுகிறது என்ற புகாரும் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிஐடி. அதில் மூன்று எண்: பிழையை எவ்வளவு பலமாகத் திருத்துவது என்பது கேபி, மிஞ்சும் சிறு பிழையைச் சேர்த்துத் திருத்துவது கேஐ, வேகமான அசைவை அடக்குவது கேடி. கேஐயும் கேடியும் சுழியத்தில் இருக்கட்டும். சீட் ஊசலாடத் தொடங்கும் வரை கேபியை ஏற்றி, கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம் துள்ளலை அடக்கும் அளவுக்குக் கேடி. இரைச்சல் உள்ள சென்சாரில் கேடியை ஏற்றினால் சீட் கரகரவென்று சத்தம் போடும், ஏனென்றால் அது இரைச்சலையும் அசைவென்று நினைத்துத் துரத்துகிறது. நண்பர்கள் தரும் எண்களை அப்படியே போடாதீர்கள், அவர்கள் மோட்டாரும் எடையும் வேறு.

கடைசியாக, கிராங்க் சுற்றும் இடத்துக்குக் கம்பி வலை மூடி போடுங்கள். சீட்டின் பின்பக்கம் உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரியாது, வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க நிற்பது அங்கேதான். விளையாடாத நேரத்தில் மஷ்ரூம் பட்டனை அமுக்கிய நிலையிலேயே விட்டு, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.