பதின்மூன்று வயதாகிவிட்டது, இன்ஸ்டாகிராம் கொடுக்கலாமா?

போன வாரம் மறுபடியும் அதே காட்சி. எட்டாம் வகுப்புப் பையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அப்பா, அம்மா. இரவு ஒரு மணிக்கு ஒரு 'பெண்' இன்ஸ்டாகிராமில் பேச்சுக் கொடுத்து, அவனிடம் அந்தரங்கப் படம் வாங்கி, அதைப் பரப்பிவிடுவேன் என்று பத்தே நிமிடத்தில் கிஃப்ட் கார்டு கேட்டு மிரட்டத் தொடங்கியிருக்கிறாள். அந்தப் 'பெண்' பணம் பறிக்கும் மோசடிக்காரர் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கல்வியாண்டில் இப்படி என் அறைக்கு வரும் மூன்றாவது தமிழ்க் குடும்பம் இது.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "இதையெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தரணும்னு சட்டமே இருக்கே மேடம், நீங்க சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்தோம். அந்த வகுப்பில் பையன் எழுதிய தாளையே எடுத்துக் காட்டினேன். முன்பின் தெரியாதவர் படம் கேட்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, பெற்றோரிடம் சொல்வேன் என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு மிடில் ஸ்கூலில் கவுன்சலர். அந்த அப்பா சொன்னதில் பொய் இல்லை, சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. வர்ஜீனியா 2006லேயே இணையப் பாதுகாப்பைப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. இணைய இணைப்புக்கான இ-ரேட் என்ற மானியத்தை வாங்கும் பள்ளிகள் இணையத்தில் நடந்துகொள்ளும் முறையையும் சைபர் மிரட்டலையும் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று 2008இல் அமெரிக்க காங்கிரஸ் விதித்தது. எங்கள் மாநிலத்தில் 2014-15இலிருந்து மிடில் ஸ்கூலில் சமூக ஊடகத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்தும் பாடம் கட்டாயம். ஃப்ளோரிடா 2023இல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. அந்தப் பாடப்பொருளை இணையத்தில் போட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது அந்தச் சட்டம். அப்படி வரும் மின்னஞ்சலை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் அனுப்பும் மின்னஞ்சல்களின் கதி எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அண்மையில் வந்த பல சட்டங்கள் ஊடக அறிவு பற்றியவை. எங்கள் மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும், கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு வந்ததும் அந்த வகைதான். எது செய்தி, எது கருத்து, யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுத் தருபவை. நல்ல விஷயம், வேண்டிய விஷயம். ஆனால் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, நள்ளிரவில் தன்னைப் புகழ்ந்து பேசும் ஒருவரைச் சந்தேகிக்கவும் தெரியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதலாவதைக் கற்பவன் பகலில் சக மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது நடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிறான்.

சரி, இப்போது எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொன்னார்: "பதிமூணு முடியற வரைக்கும் கொடுக்கவே இல்லக்கா. பர்த்டேக்குத்தான் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் கொடுத்தோம். அதுக்கப்புறம் சேஃப்தான்னு சட்டத்துலயே இருக்கே."

இல்லை. எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை தெரிந்துகொள்ளுங்கள். 1998இல் காப்பா என்று ஒரு சட்டம் வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் பெயர், முகவரி போன்ற விவரங்களை ஒரு இணைய நிறுவனம் திரட்ட வேண்டுமென்றால் முதலில் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஒப்புதல் வாங்கும் தலைவலியே வேண்டாமென்று நிறுவனங்கள் பதின்மூன்றுக்குக் கீழே கணக்கு கிடையாது என்று விதி எழுதிக்கொண்டன. மருத்துவர்கள் கூடி, இந்த வயதில் மனம் பக்குவப்பட்டுவிடும் என்று முடிவு செய்த எண் அல்ல அது. மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான எட் மார்க்கி பதினாறு என்றுதான் கேட்டார். பேரம் பேசிப் பதின்மூன்றில் முடிந்தது. அப்போது ஃபேஸ்புக்கே பிறக்கவில்லை, இன்ஸ்டாகிராம் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. விவரம் திரட்டுவது பற்றிய ஒரு எண்ணை, கார் ஓட்டும் வயது போல நாம் பிறந்தநாள் கேக்கோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் மோசமானது, பத்து வயதில் பொய் வருடம் போட்டுக் கணக்கு திறந்து கொடுப்பது. அந்தக் கணக்குக்கும் வயது கூடும், மறந்துவிடாதீர்கள். பத்து வயதில் பதின்மூன்று என்று போட்டால், பிள்ளைக்குப் பதினைந்து ஆகும்போது கணக்குக்குப் பதினெட்டு. 2024இல் இன்ஸ்டாகிராம் பதின்ம வயதுக் கணக்குகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. பதினாறுக்குக் கீழே இருந்தால் அவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பெரியவராகப் பதிவான உங்கள் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்?

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். அந்த ஆளை பிளாக் செய்யுங்கள், ஆனால் உரையாடலையும் கணக்கையும் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் எண் 1-800-843-5678. அத்தகைய படத்தை இணையத்திலிருந்து நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை அவர்களிடம் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகி, அது மட்டும் போகும். எஃப்பிஐயிடமும் புகார் கொடுங்கள். அப்புறம், தயவுசெய்து அந்தப் படத்தை ஆதாரம் என்று எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். மாமாவுக்கும் அனுப்பாதீர்கள். சிறுவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம், அனுப்பியவர் பெற்ற தாயாக இருந்தாலும்.

"ரெக்கார்டுல ஏறிடுமா, காலேஜுக்குப் பாதிக்குமா, விசாவுல ஏதாவது..." என்று எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை இங்கே குற்றத்துக்கு ஆளானவன். எஃப்பிஐயும் அப்படித்தான் பார்க்கிறது. பணத்துக்காக நடக்கும் இந்த வகை மிரட்டலில் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையுள்ள பையன்களே குறி என்று அவர்கள் பல முறை எச்சரித்துவிட்டார்கள்.

பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஏன் வீட்டில் உடனே சொல்லவில்லை என்று பையனிடம் கேட்டேன். "போனைப் பிடுங்கிடுவாங்க. அப்பா கத்துவார்." மூன்று நாள் தூங்காமல் இருந்திருக்கிறான். எங்கள் பாடத்தில் அவன் சரியாக எழுதிய விடை இந்த இடத்தில்தான் நின்றுபோனது. ஆகவே இன்றைக்கே உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியம் சொல்லி வையுங்கள்: "எது நடந்தாலும் வந்து சொல், போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். இரவில் எல்லார் போனும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

கிளம்பும்போது, வீட்டில் வேறு பிள்ளைகளுக்குக் கணக்கு இருந்தால் பிறந்த வருடத்தைச் சரிபாருங்கள் என்றேன். அப்பா அங்கேயே போனை எடுத்தார். பையனின் தங்கைக்குப் பதினொரு வயது. அவள் கணக்கில் 2005 என்று இருந்தது. போட்டுக் கொடுத்தது அவரேதான்.